கெங்கம்மாளின் மின் இணைப்பில் ஓடிய கார்

கெங்கம்மாளுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள். குரல் தணிந்துவிடும். ஒடுகத்தூருக்கு அப்பால் மலையடிவாரத்துக் கொல்லைகளில் அவளோடு வேலை செய்த பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவள் கத்திக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே நிமிர்வார்கள். மெதுவாகக் கூப்பிட்டால் பேச்சை நிறுத்திவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். போன வருஷம் முக்கால்வாசி நாள் அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

வயது ஐம்பதைத் தாண்டியவள். இளவயதில் பதினோரு வருஷம் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். தலையை வாரியும் வாராமலும் ஓடிப்போய் ஏறுவாள். மாதனூர் தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும். டீசல் வாடை அவளுக்கு ஆகவே ஆகாது. ஜன்னலோரத்துச் சீட்டை மற்ற பெண்கள் அவளுக்கென்றே விட்டுவைத்திருந்தார்கள். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் கவர், கையில் ஒரு எலுமிச்சம்பழம். கம்பெனியில் இறங்கியதும் குழாயடியில் வாய் கொப்பளித்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தால், சாயங்காலம் வரை ஒரு தையல் கோணாது. சூப்பர்வைசர் அவளைத் திட்டியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

அந்த வேலையை விட்டபோது கைக்கு வந்த பி.எஃப். பணத்தில் அவள் நகை வாங்கவில்லை. அம்மா எழுதிக்கொடுத்த ஒன்றரை ஏக்கரில் போர் போட்டாள். தண்ணீர் வந்தது, கரண்ட் வரவில்லை. இலவச விவசாய இணைப்புக்கு எழுதிப்போட்டபோது மகள் எழிலரசி மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். இணைப்பு வந்தபோது எழிலரசி காலேஜில் இருந்தாள். நடுவில் இருந்த வருஷங்களில் ஆயில் இன்ஜினை வாடகைக்கு எடுத்து, மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு தண்ணீர் இறைத்தாள். கரண்ட் ஆபீசுக்கு அவள் நடந்த நடைக்குக் கணக்கில்லை. கடைசியில் லைன்மேன் வந்து கம்பியை இழுத்துக் கட்டி, மோட்டார் ஓடி, வாய்க்காலில் தண்ணீர் விழுந்த அன்றைக்குக் கொல்லையிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அந்த இணைப்பு கெங்கம்மாள் பேரில் இருந்தது. ரேஷன் கார்டில்கூட அவள் பேர் இரண்டாவதுதான்.

புருஷன் ராமலிங்கம் கெட்டவன் என்று சொல்ல முடியாது. குடி கிடையாது. டிராக்டர் ஓட்டுவான், யார் கூப்பிட்டாலும் போய் உழுதுகொடுப்பான். வண்டி என்றால் மட்டும் புத்தி கொஞ்சம் தடுமாறும். சின்ன வயதில் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்காரர்களின் கார்களைச் சாலையோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பானாம், பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போகாமல். அவன் பங்குக்கு வந்த ரோட்டோர நிலத்தைச் சாலையை அகலப்படுத்த அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இழப்பீடு வந்தது. வீட்டுக்கு மேல் ஒரு மாடி கட்டலாம் என்று கெங்கம்மாள் நினைத்தாள். அவனும் சரியென்றுதான் தலையாட்டினான்.

ஒரு நாள் மத்தியானம் ஊருக்குள் ஒரு கார் வந்து நின்றது. வந்ததே யாருக்கும் கேட்கவில்லை. திண்ணென்று மலையைப் போல ஒரு கறுப்புக் கார், அதற்குள்ளிருந்து ராமலிங்கம் இறங்கினான். கூட இறங்கியவர் ஆம்பூரில் பழைய வண்டிகள் வாங்கி விற்கிற ஹம்மாத். தோல் ஷாப் முதலாளி ஒருவர் இரண்டு வருஷம் ஓட்டிய எலெக்ட்ரிக் கார் அது. அவர் புதுசு எடுத்துவிட்டார். புதுசில் விற்ற விலைக்கு இது பாதிகூட இல்லை, இந்த மாதிரி வண்டி இந்த வேலூர் ஜில்லாவிலேயே ரெண்டோ மூணோதான் இருக்கிறது என்று ஹம்மாத் சொன்னார். ஏன் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று கெங்கம்மாள் கேட்டாள். அதற்கு அவர் சரியாகப் பதில் சொல்லவில்லை.

ஊரே கூடிவிட்டது. ராமலிங்கம் முன்னால் மூடியைத் தூக்கிக் காட்டினான். உள்ளே இன்ஜின் இல்லை. மளிகைச் சாமான் வைக்கிற மாதிரி ஒரு காலிப் பெட்டி. "இன்னாய்யா, இன்ஜின எட்துட்டு குட்துட்டானா?" என்று யாரோ கேட்டுச் சிரிப்பு எழுந்தது. கதவின் கைப்பிடி தானாக உள்ளே போய் ஒளிந்துகொண்டது, பக்கத்தில் போனால் வெளியே வந்தது. சீட்டுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. கெங்கம்மாள் எல்லாருக்கும் கடைசியாகப் போய்ச் சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள், முகர்ந்தாள்.

"தோல் இல்லயே இது" என்றாள்.

தோலே போடாமல் செய்தது, வெளிநாட்டில் இப்போதெல்லாம் தோலைப் பாவம் என்கிறார்கள் என்று ராமலிங்கம் பெருமையாகச் சொன்னான். ஹம்மாத் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார். பதினோரு வருஷம் யாருக்காகத் தைத்தேன் என்று அவளுக்குள் ஒரு கேள்வி வந்தது. கேட்கவில்லை. மாடி கட்டவேண்டிய பணம் கறுப்பாக, வழவழப்பாக வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரெண்டு வாரம் அவனுக்குச் சோறு போட்டாளே தவிரப் பேசவில்லை.

முட்டி வலிக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டவேண்டியிருந்தது. பஸ்ஸில் போகிறேன் என்றாள். அவன் விடவில்லை. இஷ்டமில்லாமல்தான் ஏறினாள், கவரையும் எலுமிச்சம்பழத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு. கார் ஊரைத் தாண்டியது. வாடை இல்லை. அதிர்வு இல்லை. பள்ளத்தில் இறங்கி ஏறியதுகூடத் தொட்டில் ஆடுகிற மாதிரி இருந்தது. வேலூர் வந்ததும் அவள் இறங்கி நின்று தன்னைத்தானே பார்த்துக்கொண்டாள். சேலை கசங்கவில்லை. தலை சுற்றவில்லை. பசித்தது. வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு பிரயாணத்தின் முடிவில் அவளுக்குப் பசித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே ஒரு ஓட்டலில் ரெண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டாள். ராமலிங்கம் எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னா, நல்லாகீதா வண்டி?"

"முட்டிக்கு நல்லாத்தான் கீது" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை அவன் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

ஓட்டுகிற சுகத்தைப் பற்றிச் சொல்வதற்கு அவனிடம் நிறைய இருந்தது. பெட்ரோல் பங்க் பக்கமே போகவேண்டாம், ஆயில் மாற்றவேண்டாம், மிதித்தால் அம்பு மாதிரி போகிறது. சொல்லாதது சார்ஜ் சமாச்சாரம். வீட்டில் இருந்த பிளக்கில் செருகினால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போதவில்லை. ஊரில் வோல்டேஜ் குறைந்தால் கார் தானாகவே சார்ஜை நிறுத்திவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொல்லும். வீட்டு கரண்ட் பில்லைப் பார்த்த கெங்கம்மாள் அதைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாதனூர் பக்கம் ஹைவேயில் சார்ஜ் போடுகிற இடம் இருந்தது. அங்கே போய் டீக்கடையில் உட்கார்ந்து, முன்னால் நிற்கிற கார் நகர்கிற வரை காத்திருந்து, ஏற்றிக்கொண்டு திரும்பினால் அரை நாள் போய்விடும். ஒரு மழை நாளில் திரையில் சிவப்பாக ஏதோ எழுத்து வந்து கார் நின்றேவிட்டது. பக்கத்தில் எந்த மெக்கானிக்கும் தொடமாட்டேன் என்றான். லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். அது திரும்பி வருகிற வரை ராமலிங்கம் பிள்ளையைப் பறிகொடுத்தவன் மாதிரி திரிந்தான்.

அப்போதுதான் ஒரு நாள் சோறு சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னான், கொல்லையில் மூணு பேஸ் கரண்ட் சும்மாதானே வருது என்று.

கெங்கம்மாள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். குரல் தணிந்தது. "அது பயிருக்குக் குட்த கரண்ட்டு. என் பேர்ல கீது. அது மேல கை வெக்காத."

சும்மா சொன்னேன் என்று சிரித்தான். அத்தோடு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. அவளும் மறந்துபோனாள்.

எழிலரசி வேலூரில் சத்துவாச்சாரியில் குடியிருந்தாள். இரண்டாவது பிரசவம். மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறதால் தாய்வீட்டுக்கு வரமுடியாது, அம்மாதான் வரவேண்டும் என்றாள். கொல்லையில் வேர்க்கடலை பூ விட்டிருந்தது. பூ முடிந்து விழுது மண்ணில் இறங்குகிற சமயத்தில் தண்ணீர் தவறக்கூடாது. மண் ஈரமாக இருந்தால்தான் விழுது உள்ளே போகும், காய் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு தண்ணீர் கட்டாயம் விடு என்று ராமலிங்கத்திடம் சொன்னாள். எந்தப் பாத்தியிலிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்பது வரை கொல்லைக்கே கூட்டிப்போய்க் காட்டினாள். போ, நான் பாத்துக்கறேன் என்றான்.

பேரப்பிள்ளை பிறந்தான். கெங்கம்மாள் ஒரு மாசத்துக்கு மேல் அங்கேயே இருந்தாள். அந்த ஒரு மாசத்தில் ராமலிங்கம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தான். முருங்கைக்கீரை, பால், நாட்டுக்கோழி முட்டை என்று ஏதாவது கொண்டுவந்தான். பேத்தியைக் காரில் ஏற்றிக் கோட்டையைச் சுற்றிக்காட்டினான், அவளுடைய சிநேகிதிகளையும் சேர்த்து. தெருவில் கார் வந்து நின்றால் மாடிவீடுகளிலிருந்து எட்டிப்பார்த்தார்கள். எதிர்வீட்டு முனவ்வர் பேகம் இறங்கியே வந்துவிட்டாள். இவ்வளவு பெரிய வண்டி யாருடையது என்று கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரரோடதுதான்" என்றாள் கெங்கம்மாள். சொன்னபோது முகத்தில் சிரிப்பு வந்ததை அவளால் அடக்க முடியவில்லை. அந்த அம்மாவைக் காரில் உட்காரவைத்து மார்க்கெட் வரை போய்வந்தாள். இந்த மனுஷன் பொல்லாதவன் இல்லை, நாம்தான் ஜாஸ்தி கோபப்பட்டுவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றிய நாட்கள் அவை. கொல்லைக்குத் தண்ணி விட்டியா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். ஆங், விட்டாச்சு என்று ஒவ்வொரு தடவையும் சொன்னான்.

அவள் ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலையில் கொல்லைக்குப் போனாள். வரப்பில் ஏறியதுமே தெரிந்துவிட்டது. இலைகள் நாலும் கை கூப்பின மாதிரி மூடிக்கிடந்தன. மண் பாளம்பாளமாக வெடித்திருந்தது. ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். வேரோடு வரவில்லை, தண்டு ஒடிந்து கையோடு வந்தது. கம்பி கொண்டு நோண்டினாள். விழுது பாதிக்கு மேல் மண்ணைத் தொடாமலே கருகிப்போயிருந்தது. இறங்கியதிலும் காய் இல்லை, கடுகு மாதிரி ஏதோ இருந்தது. நாலு பாத்தி, ஐந்து பாத்தி என்று போய்ப் பார்த்தாள். எல்லாம் ஒன்றுதான்.

மோட்டார் கொட்டாய்க்கு முன்னால் மண்ணில் அகலமான டயர்த் தடம் பதிந்து பதிந்து பாதையே ஆகியிருந்தது. உள்ளே சுவரில் புதிதாக ஒரு பெட்டி. அதிலிருந்து கை கனத்தில் ஒரு ஒயர் சுருட்டி மாட்டியிருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பின்னால் கண்ணம்மாள் வந்தாள். பக்கத்துக் கொல்லைக்காரி. ஒரே டிரான்ஸ்பார்மரின் கடைசிக் கம்பம் அவளுடையது. புருஷன் போனபிறகு தனியாகப் பயிர் வைக்கிறவள். அக்கா அக்கா என்று வளையவருவாள். அன்றைக்கு அவள் நல்லாருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"யக்கா, நீ இல்லாதப்ப இங்க இன்னா ஓடிச்சி? உன் மோட்டாரும் ஓடல, வாய்க்கால்ல தண்ணியும் வர்ல. ஆனா என் கம்பத்துல மட்டும் வோல்டேஜ் செத்துப்போச்சி. மோட்டார் எரிஞ்சிடிச்சி. நெல்லு பால் புடிக்கிற நேரம்க்கா. மொத்தமும் பதரு."

கெங்கம்மாள் சுவரிலிருந்த பெட்டியைக் கையால் காட்டினாள். கண்ணம்மாள் அதைப் பார்த்தாள், டயர்த் தடத்தைப் பார்த்தாள், கெங்கம்மாளைப் பார்த்தாள். பிறகு காறித் துப்பிவிட்டுப் போய்விட்டாள்.

நடந்தது இதுதான். அவள் வேலூர் போனதும் ராமலிங்கம் காருக்குச் சார்ஜ் ஏற்ற அந்தப் பெட்டியைக் கொட்டாயில் மாட்டினான். கொல்லைக்கு மூணு பேஸ் கரண்ட் பகலில் சில மணி நேரம்தான் வரும். முதல்நாள் ராமலிங்கம் மோட்டாரையும் போட்டுக் காரையும் மாட்டினான். பியூஸ் போய்விட்டது. ரெண்டில் ஒன்றுதான் ஓடும். மறுநாள் வேலூர் போகவேண்டியிருந்ததால் காரை மாட்டினான். தண்ணீர் நாளைக்கு விட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான். அடுத்த நாளும் அப்படியே நினைத்தான். மழை வருகிற மாதிரி இருக்கிறதே என்றும் நினைத்தான். கார் இழுத்த இழுப்பில் கடைசிக் கம்பத்துக்குப் போய்ச் சேரவேண்டியது போய்ச் சேரவில்லை. வோல்டேஜ் இல்லாமல் திணறித் திணறி ஓடிய கண்ணம்மாளின் மோட்டார் ஒரு நாள் புகைந்து அடங்கியது.

கெங்கம்மாள் வீட்டுக்கு வந்தபோது அவன் மெத்தென்ற துணியால் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஒடிந்த கடலைச் செடியைக் காரின் கண்ணாடிமேல் வைத்தாள்.

முதலில் மழையைச் சொன்னான். பிறகு, ஊரில் யார்தான் அந்தக் கரண்ட்டில் வேறு எதுவும் ஓட்டாமல் இருக்கிறார்கள் என்றான். பிறகு, கடலையில் வருஷத்துக்கு என்ன பெரிதாக வந்துவிடுகிறது என்றான். அவள் ஒன்றுக்கும் வாய் திறக்காததால் அவனுக்கு எரிச்சல் வந்தது.

"நீதான வர சொன்ன? புள்ளைய பாக்க வா, பேத்திய கூட்னு போ, அந்த பாயம்மாவ மார்க்கெட்டுக்கு கூட்னு போன்னு நீதான சொன்ன? நல்லாகீதுன்னு சொன்னது யாரு? காத்துலயா ஓடும் வண்டி?"

அது சரியான இடத்தில் போய்த் தைத்தது. அவள் போகாத இடமில்லை அந்தக் காரில். குளிர்ந்த சீட்டில் சாய்ந்துகொண்டு, சேலை கசங்காமல், எதிர்வீட்டுக்காரியிடம் பல்லைக் காட்டிக்கொண்டு. அந்த ஒவ்வொரு போக்குவரத்துக்கும் கொல்லையில் ஒரு பாத்தி காய்ந்திருக்கிறது. கோபம் அவன் மேல் பாதி, தன் மேல் பாதி என்று பிரிந்து நின்றது. ரெண்டும் ஒன்றையொன்று குறைக்கவில்லை, ஊதிவிட்டன.

"நான் கேட்டேன்" என்றாள், அவனுக்கே கேட்குமா கேட்காதா என்கிற குரலில். "தண்ணி விட்டியான்னு ஒவ்வொரு வாட்டியும் கேட்டேன். நீ என் மூஞ்ச பாத்து விட்டேன்னு சொன்ன."

அவன் துணியைப் பிழிந்தான்.

அவள் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கினாள். கொட்டாயைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆனால் அந்த வாரமே கரண்ட் ஆபீசிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். வோல்டேஜ் போனதைப் பற்றிக் கண்ணம்மாள் எழுதிக்கொடுத்திருந்தாள். அது அவளுடைய நியாயம். அதிகாரி ஒருவர், இரண்டு பேர் கூட. ராமலிங்கம் ஓடிவந்து அவர்களுக்கு இளநீர் வெட்டச் சொன்னான். அவர்கள் வேண்டாம் என்றார்கள். கொட்டாயைத் திறக்கச் சொன்னார்கள். கெங்கம்மாள் திறந்தாள். ஊரில் பத்துப் பேர் வரப்பில் நின்று பார்த்தார்கள்.

அதிகாரி சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு இது எதற்கு என்று கேட்டார்.

"மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்ற மெஷின் சார். இன்னும் வாங்கல. வாங்கணும்" என்றான் ராமலிங்கம். சொல்லிவிட்டுக் கெங்கம்மாளைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். முப்பது வருஷமாக அந்தப் பார்வைக்கு அவள் ஆமாம் போட்டிருக்கிறாள். கடன்காரனிடம், பங்காளிகளிடம், சம்பந்திகளிடம்.

"கனெக்‌ஷன் யார் பேர்லம்மா கீது?" என்று அதிகாரி கேட்டார்.

"என் பேர்ல சார்."

"நீங்க சொல்லுங்க. எதுக்கு இது?"

"கார் சார்ஜ் போட்டாரு சார். ஒரு மாசமா. நான் ஊர்ல இல்ல. ஆனா கனெக்‌ஷன் என்னுதுதான்."

ராமலிங்கத்தின் முகம் கறுத்துப்போனது. அதிகாரி எழுத ஒரு தாளை எடுத்தார். உண்மையைச் சொன்னதால் அபராதம் குறைகிற விஷயமில்லை இது அம்மா என்று வருத்தமாகவே சொன்னார். தெரியும் சார் என்றாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கம்பத்தில் ஏறிக் கம்பியைக் கழற்றியபோது அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். எத்தனை வருஷம் அலைந்து வாங்கியது, கழற்ற ஒரு நிமிஷம் ஆகவில்லை.

அன்றைக்கு வீட்டில் ராமலிங்கம் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய், புருஷனைத் திருடன் என்று காட்டிக்கொடுத்துவிட்டாய் என்று கத்தினான். தண்ணீர்ப் பானையை எட்டி உதைத்தான். அவள் உடைந்த ஓட்டைப் பெருக்கிக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னாள்.

"அபராதத்த நீதான் கட்டணும். கொல்லைய அடமானம் வெக்கறேன், ஆட்ட விக்கறேன்னு ஒண்ணும் என்கிட்ட வராத. உன் கார வித்து கட்டு."

அவன் நிஜமாகவே விற்கப் போனான். ஆம்பூரில் ஹம்மாத் டீ வாங்கிக்கொடுத்து உட்காரவைத்துச் சொன்னாராம்: பேட்டரிக்குக் கம்பெனி கொடுத்த கேரண்டி முடிகிற காலம், புது மாடல் வந்துவிட்டது, இதைத் தொட ஆளில்லை தோஸ்த். ஹம்மாத் சொன்ன விலையைக் கேட்டு ராமலிங்கம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டான். ஏன் பாதி விலைக்குக் கொடுத்தார்கள் என்று அன்றைக்குக் கெங்கம்மாள் கேட்டதற்கு இப்போது அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. விற்காமல் திரும்பினான். இழப்பீட்டில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்து அபராதம் கட்டினான். திரும்பக் கம்பி மாட்ட ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கடலைச் செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டாயிற்று. சுவரிலிருந்த பெட்டியை அவனே கழற்றிக்கொண்டு போனான்.

எல்லாம் கட்டியாகிவிட்டது, இனி யாரும் ஒன்றும் கேட்கமுடியாது என்று அவன் நினைத்தான். கண்ணம்மாளின் மோட்டாரைப் பற்றி அவன் பேச்சே எடுக்கவில்லை. அவள் ஒரு தடவை வாசலில் வந்து கேட்டதற்கு, உன் மோட்டார் பழசு, எப்படியும் எரிந்திருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். கெங்கம்மாளுக்கு இது தெரிந்தது களை எடுக்கிற பெண்கள் சொல்லித்தான். கண்ணம்மாள் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தாள். உண்மையைச் சொன்னவள் என்பதற்காகக் கண்ணம்மாளின் நெல் திரும்பி வந்துவிடுமா என்ன.

அன்றைக்கே கெங்கம்மாள் ரெண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கண்ணம்மாள் கொல்லைக்குப் போனாள். போரிலிருந்து தூக்கி வெளியே போட்டிருந்த நீர்மூழ்கி மோட்டாரை எடுத்துவரச் சொன்னாள். சேறும் எரிந்த எண்ணெயுமாக ஆள் நீளத்துக்குக் கிடந்தது அது. அதைத் தூக்கிவந்து காருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கண்ணம்மாள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் பின்னாலேயே வந்தாள்.

ராமலிங்கம் வெளியே வந்தான். "குட்டி யானை வண்டிய கூப்டறேன். அதுல ஏத்திக்கலாம்" என்றான் அவசரமாக.

"ரிப்பேருக்கு இதுலதான் போவணும்."

"சீட்டு பாழாவும்."

"ஆவட்டும்."

அவன் உள்ளே ஓடி ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுவந்து விரித்தான். கெங்கம்மாள் அதை இழுத்துக் கீழே போட்டாள். தெருவில் ஆட்கள் நின்றிருந்தார்கள். சீட்டை மடக்கி, பின்கதவைத் திறந்து, மோட்டாரை உள்ளே தள்ளினார்கள். சந்தன நிறச் சீட்டின் மேல் கறுப்பு எண்ணெய் வழிந்து இறங்கியது. ராமலிங்கம் கண்ணை மூடிக்கொண்டான். அவள் மனசில் ஒரு ஓரத்தில் ஐயோ என்றுதான் இருந்தது. அந்த ஐயோவுக்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது.

கண்ணம்மாளும் வருகிறேன் என்றாள். ரீவைண்டிங் கடையில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றிவிடுவார்கள், கூட நின்று பார்க்கவேண்டும் என்றாள். கெங்கம்மாள் அவளை முன்சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டுப் பின்னால் மோட்டாருக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் ஒண்டிக்கொண்டாள். சேலையில் எண்ணெய் பட்டது.

வேலூர் கடையில் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவர், உள்ளே கம்பிச் சுற்று மொத்தமும் கரிந்திருக்கிறது, லோ வோல்டேஜில் ஓட்டியிருக்கிறார்கள் என்றார். ராமலிங்கம் அதைக் கேட்காத மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். எவ்வளவு என்று மட்டும் கேட்டு, பேரம் பேசாமல் கொடுத்தான். சாயங்காலத்துக்குள் சுற்றித்தர முடியாது, நாலு நாள் கழித்து வாருங்கள் என்றார்கள். இதே காரில் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றாள் கெங்கம்மாள்.

திரும்பும்போதும் கண்ணம்மாள் முன்சீட்டில்தான் இருந்தாள். போகும்போது விறைப்பாக உட்கார்ந்திருந்தவள் இப்போது கொஞ்சம் சாய்ந்துகொண்டாள். முதுகில் குளிர்ந்த காற்று பட்டதும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி சாய்ந்தாள்.

"வண்டி நல்லாத்தான் கீது. குலுங்கவே மாட்டேங்குது."

கண்ணாடியில் ராமலிங்கத்தின் முகம் தெரிந்தது. பல மாசத்துக்குப் பிறகு அதில் லேசாக ஒரு சிரிப்பு வந்ததைக் கெங்கம்மாள் பார்த்தாள்.

கண்ணம்மாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "என் நெல்லு நின்னுர்ந்தா இந்நேரம் அறுத்து முட்சிட்டு, நான் பாட்டுக்கு பஸ்ல போயிட்டு வந்திர்ப்பேன்."

ராமலிங்கம் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டான். அவன் ஏதாவது சொல்வான் என்று கெங்கம்மாள் கொஞ்ச தூரம் காத்துப் பார்த்தாள். சொல்லவில்லை. ஒடுகத்தூர் வந்ததும் கெங்கம்மாள், கண்ணம்மாளின் கொல்லைக்குப் பிரிகிற மண்பாதையில் வண்டியைத் திருப்பச் சொன்னாள். பாதை மோசம், அடிப்பக்கம் இடிக்கும் என்றான்.

"இடிச்சா இடிக்கட்டும். திருப்பு" என்றாள் கெங்கம்மாள் மெதுவாக. அவன் திருப்பினான்.